பொட்டலத்தின் நடை

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

காலையிலேயே எங்கள் விளையாட்டுக் கம்பெனித் தலைவி ஷர்லியின் செய்தி. மூன்றாம் பாகத்தில் பொட்டலம் வேண்டாமாம். "பழசாத் தெரியுது அமுதா. புதுசா ஒண்ணு யோசி. இருபதாம் தேதிக்குள்ள முடிவு சொல்லிடு." கோவை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது அவளுக்குச் சுலபம். திருவரங்குளத்தில், வீட்டுக் கூடத்து மூலையில் உட்கார்ந்து அதைப் பெற்றவள் நான்தானே.

பெற்றவள்! நினைப்புதான்.

பொட்டலம் என்பது என்ன? 'மலைத்தாவல்' விளையாட்டின் முதல் கட்டத்தில் வரும் முதல் எதிரி. உருண்டை உடம்பு, இரண்டு குட்டைக் கால். வாய் கிடையாது. பாறையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடக்கும், நிற்கும், திரும்பும், மறுபடி நடக்கும். விளையாடுபவர் ஓட்டும் ஆட்டுக்குட்டி அதன் தலையில் குதித்தால் தட்டையாகிச் செத்துப்போகும். அதுதான் மொத்தப் பிழைப்பு. நான்கு வருடம் முன்பு நான் வரைந்து நடக்கவிட்டது. இரண்டு பாகம் ஓடிவிட்டது.

எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். எனக்கென்ன போச்சு?

ஆகஸ்ட் 6 – புதன்

புதிதாக ஐந்து எதிரிகள் வரைந்தேன். நண்டு, ஓணான், காலுள்ள கள்ளிச்செடி, இன்னும் இரண்டு. ஐந்தும் பொட்டலம் மாதிரியேதான் நடக்கின்றன. என் கைக்கு வேறு நடை தெரியவில்லையா?

ஆகஸ்ட் 9 – சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

சாதிக் பாட்சா மாமா அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். கறம்பக்குடி ரூட்டில் பதினேழு வருடம் அவர் டிரைவர், அப்பா கண்டக்டர். இருவரும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். போன வருடம் அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாமாதான் வந்து போகிறார். வந்தவர் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, இது நம்ம நாகராசுல்ல!"

"எது மாமா?"

"இந்தா நடக்குதே, உருண்டையா. ஓடுற பஸ்ஸுல காலை அகட்டி வச்சு, ஒரு தோளைச் சாச்சுக்கிட்டு, கடைசி சீட்டு வரைக்கும் போயி ஒரு நிப்பு நின்னு திரும்புறது... பதினேழு வருசம் கண்ணாடியில பாத்த நடை. எனக்குத் தெரியாதா?"

பார்த்தேன். கடவுளே. அப்பாவேதான். நான்கு வருடமாக என் கண்ணுக்குத் தெரியாதது அவருக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"நாகராசு, இங்கிட்டு வாய்யா! ஒன்னைய கம்ப்யூட்டருக்குள்ள நடக்க விட்டுருக்கா ஒம் பொண்ணு!"

அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார்.

"இது நல்லவனா, கெட்டவனா?"

"எதிரிப்பா."

"பேரு?"

"பொட்டலம்."

அந்த நேரம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன ஆட்டுக்குட்டி குதிக்க வேண்டும்? நான் ஓடவிட்டிருந்த டெமோ அது, தானாகவே விளையாடும். பொட்டலம் தட்டையானது. அப்பா வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா பாதி டீயை வைத்துவிட்டு, "நான் வாரேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

அப்பா என்னோடு பேசவில்லை.

சமையலறையில் அம்மா பிடித்துக்கொண்டாள். "வேணும்னே வச்சியாடி?"

"இல்லம்மா."

"பின்ன எப்புடி அச்சு அசலா வந்துச்சு?"

அதைத்தான் நானும் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11 – திங்கள்

பழைய கோப்பைத் தோண்டி எடுத்தேன். பொட்டலத்தை முதலில் நடக்கவிட்ட தேதி 2021 ஜூன் 12.

புரிந்துவிட்டது. புரிந்ததா?

அந்த ஏப்ரலில்தான் வங்கி வேலையை விட்டேன். "பொம்மை வரையப் போறாளாம்" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. என்னிடம் எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. மே மாதம் ஊரடங்கில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வீட்டில் கிடக்க முடியாத மனுஷன் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். பஸ்ஸில் நடக்கிற அதே நடை. சுவர் வந்ததும் ஒரு நிப்பு, ஒரு திரும்பல். என்னைத் தாண்டும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வார். நான் மூலையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பொட்டலத்துக்கு வாயே வைக்கவில்லையே நான்.

ஆகஸ்ட் 13 – புதன்

கோபத்தில் வரைந்தேனா? பாவமாக இருந்ததா? அல்லது கண்ணெதிரே நடந்த ஒரே ஆள் அவர்தான் என்பதாலா? எந்தப் பதிலைப் போட்டாலும் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

அப்பா தட்டில் இட்லி வைத்தால் சாப்பிடுகிறார். தண்ணீர் வைத்தால் குடிக்கிறார். வார்த்தை மட்டும் இல்லை. இன்னொரு எட்டு மாதம் என்னால் முடியாது. அப்போது நான் வீம்பில் இருந்தேன், தாங்கினேன். இப்போது அவருக்கு அறுபத்து மூன்று. எனக்கும் வீம்பு போதவில்லை.

ஆகஸ்ட் 16 – சனி

"எடுத்துடலாம்" என்று ஷர்லிக்கு எழுதிவிட்டேன். கட்டைவிரல் குறி ஒன்று பதிலாக வந்தது. முடிந்தது.

நிம்மதியாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

காலையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"அதை எடுத்துட்டேம்பா. இனிமே வராது."

பேப்பர் கீழே இறங்கியது. "யாரக் கேட்டு எடுத்த?"

எட்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை இது. திட்டு என்றால்கூடப் பரவாயில்லை, ஆனால் இது எந்த வகைத் திட்டு? எடுத்ததற்கா, வைத்ததற்கா?

அம்மா சமையலறையிலிருந்தே கத்தினாள். "ஒரு வாரமா போனுல அதத்தான்டி பாக்குறாரு! யார் யாரோ வெளையாடுற வீடியோவாம். அது நடக்குறதப் பாத்துட்டு, மிதிக்கப் போறப்ப நிறுத்திப்புட்டு மறுபடி மொதல்லருந்து போடுறாரு!"

அப்பா அம்மாவை முறைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எப்ப வரைஞ்ச?"

"ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு ஜூன்ல."

பேப்பரை மடித்து வைத்தார். "பஸ்ஸும் ஓடலை. ஒங்கிட்டயும் பேசலை. கிறுக்குப் புடிச்ச மாதிரி நடந்தேன். என்னைய யாரும் பாக்கலைன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கோவத்துல வரைஞ்சேனாப்பா? எனக்கே தெரியல."

"வரைஞ்ச ஒனக்கே தெரியல, எனக்கு எப்புடித் தெரியும்? போயி எடுக்காதன்னு சொல்லு."

ஆகஸ்ட் 18 – திங்கள்

ஷர்லியைக் கூப்பிட்டேன். "நீதானே அமுதா எடுத்துடலாம்னே?" என்று ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"உங்க அப்பாவா? ரெண்டு பாகமா நான் உங்க அப்பாவையா மிதிச்சுட்டு இருந்தேன்?"

"ஆமா."

"அவர்ட்ட ஸாரி சொல்லு. இருக்கட்டும், வச்சுக்கலாம். ஆனா படம் பழசு, திரும்ப வரைஞ்சு குடு."

ஆகஸ்ட் 21 – வியாழன்

திரும்ப வரைவதற்கு அந்த நடையைப் பார்க்க வேண்டும். பார்த்து வரைய ஆள் எங்கே இருக்கிறார்? ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் கால்கள் நேராகிவிட்டன. வாக்கரை வைத்து அடிமேல் அடி வைக்கிறார். காலை அகட்டி நடக்கிற அந்த அப்பா இப்போது பொட்டலத்திடம் மட்டும்தான் இருக்கிறார். அதைப் பார்த்தே அதை வரைகிறேன்.

மத்தியானம் வரைக்கும் ஒரு கால்கூட வரைய ஓடவில்லை.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

அனுப்பிவிட்டேன். வாய் வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்து, வைக்கவில்லை.

செப்டம்பர் 14 – ஞாயிறு

சோதனைக்கு விளையாட முதல் கட்டம் வந்தது. அப்பா தானே கேட்டு என் போனை வாங்கிக்கொண்டார். முதல் பாறை ஏறினார். பொட்டலம் வந்தது. குதிக்கவே இல்லை, மோதிச் செத்தார். மறுபடி ஏறினார், மறுபடி செத்தார். அரைமணி நேரம் இதே கதை.

"மிதிச்சுட்டுப் போங்கப்பா. விளையாட்டுத்தானே."

"நீ எத்தனை தடவ மிதிச்சிருப்ப?"

பொய் சொல்ல வரவில்லை. "சோதனைக்கு மிதிக்கணும்ல. ஆயிரம் தடவையாவது இருக்கும்பா."

"அம்புட்டா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோவம் தீந்துச்சா?"

"தெரியலப்பா."

"அப்ப இந்தா, இன்னும் நாலு மிதி மிதி" என்று போனை என் கையில் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் அவர் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார். குறி தப்பி, இரண்டு முறை பள்ளத்தில் விழுந்தேன். "அடியே பொன்னுத்தாயி, இங்க வந்து பாரு, இவளால என்னைய மிதிக்க முடியல" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.