பனிக்குள் நின்றது

உன் தம்பி போன மாதம் கொண்டுவந்து கொடுத்த காமிராப் பையை எத்தனையோ முறை உப்பளம் வீட்டு மாடி வெயிலில் வைத்துவிட்டேன். ஜிப்பைத் திறந்தால் இன்றும் மட்கிய இலையும் பாசியும் கலந்த அந்த வாடைதான்.

பள்ளியிலிருந்தே நாம் ஒன்றாகத் திரிந்தவர்கள். கல்யாணங்களில் நீ மணமேடைப் பக்கம், நான் பந்திப் பக்கம் படமெடுப்போம். பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் ஜோடிகளை எடுத்துவிட்டுத் திரும்பும்போது அலுத்துக்கொள்வாய். "இங்க எல்லாமே பளிச்சுனு தெரியுதுடி. பாதி மறைஞ்சிருக்கிறத எடுக்கணும்." அதற்காகத்தான் வால்பாறைக்கு மேலே சோலைக்காட்டுக்குப் போனோம்.

மழை ஓய்ந்த காலை. கூட வந்த வனத்துறை வாட்சர், "பறவைச் சத்தம் நின்னா நீங்களும் நின்னுருங்க" என்று மட்டும் சொன்னார். பனி மரங்களை விழுங்கிக்கொண்டே இறங்கியது. நீ படமெடுத்துக்கொண்டிருந்தாய். சத்தம் நின்றது. எதிரே ஓர் அடிமரம் மெல்ல அசைந்தது.

"அது மரம் இல்லடி," என்றாய், உதடு மட்டும் அசைய.

திரும்பாமல் பின்னோக்கியே நடந்து ஜீப்பை அடைந்தோம். யானை நம்மைப் பொருட்படுத்தவில்லை. அன்று நீ எடுத்த படங்களெல்லாம் கலங்கியிருந்தன.

எனக்கு அதோடு போதும் என்றாகிவிட்டது. நீயோ ஊருக்கு வந்தும் அதையே பேசினாய். "அது என்னைப் பாத்துச்சுடி. நான்தான் அத சரியா பாக்கல."

அடுத்த மழைக்குத் தனியாகக் கிளம்பினாய். நான் அம்மாவுடன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காலையில் போன் வந்தது.

"பனி ரொம்பக் கிட்ட வருது. வாட்சர் அண்ணன் பாதைய பாக்கப் போயிருக்காரு. நான் இங்கயே நிக்கிறேன்."

"பறவை கத்துதா?"

"இல்லடி," என்றாய். லைன் அறுந்தது.

மதியம் வாட்சர் அழைத்தார். "ஒத்த யானைங்கம்மா. நான் திரும்பி வர்றதுக்குள்ள..."

பைக்குள்ளிருந்த காமிராவில் கார்டு கெடாமல் இருந்தது. கடைசி இரண்டு படங்களும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. முதலாவதில் பனிக்குள் மரங்கள். அடுத்ததிலும் அதே மரங்கள், நடுவே ஒன்று கூடுதல். துளியும் கலங்காத படம். அது மரமில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஓடாமல் நின்றாயா, ஓட முடியாமல் நின்றாயா? எனக்கு விளங்கவில்லை.

"எங்கக்கா கடைசியா எடுத்தத பெருசா ப்ரிண்ட் போட்டுக் குடுங்கக்கா. அம்மா கேக்குறாங்க," என்றான் உன் தம்பி.

முந்தைய படத்தைத்தான் போட்டுக் கொடுத்தேன். உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ அமைதியா இருக்கு பாரு. நல்ல எடத்துலதான் நின்னிருக்கா எம்பொண்ணு."

"ஆமாம்மா," என்றேன்.

மற்றது என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் இல்லை. ஸ்டூடியோவில் ஆளில்லாத நேரத்தில் அதைத் திறந்து, நீ நின்ற இடத்தில் நானும் நிற்பதுபோல் பார்க்கிறேன். பெரிதாக்கிப் பார்க்க மட்டும் இன்னும் கை வரவில்லை.