டத்தின் அம்மாவின் கரிப்படம்

14 மார்ச் 1979, புதன், இரவு

இதை நானே எழுதுகிறேன். எழுத வருவதில் இன்றும் சந்தோஷம்தான். அதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.

எங்கள் முதியோர் வகுப்பை நடத்தியவர், டத்தோ பட்டம் பெற்றவரின் மனைவி என்பதால் நாங்கள் 'டத்தின்' அம்மா என்று கூப்பிட்டவர், இறந்து இன்று பதினாறாம் நாள். சிலிபின் என்ற ஊரில் உள்ள எங்கள் வகுப்பறையில் அவர் படத்தை வைத்தார்கள். ஈப்போவில் பெரிய வீட்டுக்காரர்களை வரைகிற ஓவியர், அவரை எதிரில் உட்கார வைத்துக் கரியால் வரைந்தது. அம்மா எப்போதும் லேசாகச் சிரிப்பார். படத்திலும் அப்படியே இருந்தார்.

படத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் இறந்தவர் படத்துக்கெல்லாம் கண்ணாடி மேல் சந்தனம் வைப்போம். நானும் நெற்றியில் வைத்தேன். பொட்டு கோணலாகிவிட்டது. விரலால் துடைத்தேன். புருவமும் ஒரு கண்ணும் கறுப்பாக இழுபட்டுப் போயின.

"அண்ணே, என்னா செஞ்சிட்டீங்க! கைய எடுங்க லா!" என்று கூடப் படிக்கும் மாரியம்மா கத்தினாள்.

டத்தின் அம்மாவின் மகள் வந்து பார்த்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"பரவால்ல ஐயா. அம்மா பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க," என்றார். பிறகு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். திட்டியிருக்கலாம்.

ஓவியரிடம் கேட்டார்களாம். அந்தக் கண்ணை இனி வரைய முடியாது, ஆள் இல்லையே என்றாராம்.

மகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள டத்தின் அம்மாவுக்கு' என்றே கை எழுதுகிறது. வகுப்பில் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் அவருக்குத்தான். வேறு யாருக்கும் எழுதியதில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.