கடைசி ஞாயிறு

செவன் கிங்ஸ், லண்டன்
வெள்ளிக்கிழமை

என் கோபத்துக்குரிய பேத்திக்கு,

டிவி நாடகத்தில் நீ போட்டிருக்கும் பச்சை ஆமி உடுப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஊரில் உன் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் பச்சைதான் போட்டிருந்தார்கள்.

"அது வேறை ஆமி, அம்மம்மா. இது பிரிட்டிஷ் ஆமி, அதுவும் நடிப்பு" என்றாய், அந்த வேஷத்துக்கு ஒப்புக்கொண்ட அன்று.

"ஆமியெண்டால் ஆமிதான். இந்தப் படி ஏறாதை" என்றேன்.

நீ வாசலில் நின்று "போறன்" என்றாய். நம் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதில்லை. உன் மாமா இழுபட்டுப் போகும்போதுகூட "வாறன் அம்மா" என்றுதான் சொன்னான்.

பதினான்கு மாதமாக நீ போனும் எடுப்பதில்லை. நாடகம் வந்த ஐந்து ஞாயிறும் டிவிக்கு முன்னால் இருந்தேன். இங்கிலீஷ் விளங்கவில்லை, நீ மெலிந்தது விளங்கியது. போன ஞாயிறு உன்னைச் சுட்டுவிட்டார்கள், உயிர் மட்டும் இருக்கிறது. நடிப்பென்று தெரியும், ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளை மறுநாளோடு நாடகம் முடிகிறதாம். பிறகு உன் முகத்தை நான் எங்கே பார்ப்பது?

அந்த உடுப்போடேயே வா, பிள்ளை. ஒரு வாய் சாப்பிட்டு, "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போ.

கோபம் ஆறாத,
அம்மம்மா