பாட்டு முடிந்த பிறகு

புதன்கிழமை

அன்பிற்குரிய என் பாட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீ தொண்டை கட்டாமல், முழங்கால் வலிக்காமல் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏங்க, கேக்க இஷ்டமே இல்லாத பிள்ளைங்கள இத்தனை வருஷம் எப்படிங்க கேக்க வச்சீங்க?" நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். "சரி, அப்புறமா சொல்லுங்க வாத்தியாரே" என்று வைத்துவிட்டாய். அதுவும் நல்லதுதான். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியாததா? சாக்பீஸ் இல்லாவிட்டால் பேனாவாவது கையில் இருக்க வேண்டும். மாடி வீட்டு அம்மாவின் மகள், அந்த நர்ஸ், விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை, நீ பாடப் போயிருக்கும் ஊருக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தையும் உன் மாற்றுக் கண்ணாடியையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. பிளம்பர், "இந்தச் சொட்டுச் சத்தத்துல இத்தனை நாளா எப்படி சார் இருந்தீங்க?" என்று கேட்டார். சத்தம் நின்ற பிறகுதான் அது எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று தெரிகிறது. டீயை இன்னும் இரண்டு பேருக்குத்தான் போடுகிறேன். கை அப்படிப் பழகிவிட்டது. மிஞ்சியதைக் கொஞ்ச நேரம் கழித்துச் சூடாக்கிக் குடிக்கிறேன். நீ இருந்தால் திட்டுவாய். திட்டேன், யார் வேண்டாம் என்றார்கள்?

ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன். முன்னால் பாடுகிறவரை நான் கேட்பதே இல்லை. அவருக்குப் பின்னால் பெண்கள் கூட்டமாக 'ஆ' என்று எழும்பும் இடத்துக்காகக் காத்திருக்கிறேன். "எட்டுப் பேர் குரல்ல என்னுது எங்கன்னு எனக்கே தெரியாது, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுமாம்?" என்று நீ எப்போதும் கேலி செய்வாய். தெரியும். வலப் பக்கம் கடைசியில் கொஞ்சம் ஈரமாக ஒரு குரல் இருக்கும். அது நீதான். இல்லையென்று சொல்ல இப்போது பக்கத்தில் ஆள் இல்லாததால் தினமும் நானே ஜெயிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். நீ பாடும் ஹோட்டலிலிருந்து உன் குழுவின் கிட்டார்காரர் அனுப்பிய வீடியோவை டி.வி.யில் போட்டார்கள். மாடி வீட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். நீல விளக்கு வெளிச்சத்தில் நீ வந்து நின்றதும் எனக்கு உன்னை ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. பிறகு பாடத் தொடங்கினாய். வேறு யாருடைய குரலும் கலக்காமல் உன் குரல் மட்டும் நம் ஹால் முழுக்க. நான் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன், வெளியே போய்விடக் கூடாது என்பது போல.

பாட்டு முடிந்தது. நீ அப்படியே நின்றாய். கை அசையவில்லை, உதடு அசையவில்லை, கண் திறக்கவில்லை. மருமகன் எழுந்து போய் டி.வி.யின் பின்னால் வயரை அசைத்துப் பார்த்தார். "அத்தை பாட்டு முடிஞ்சிருச்சா, இல்ல வீடியோ மாட்டிக்கிச்சா?" என்றார். முன் மேசையில் இருந்தவர் கரண்டியைக் கிண்ணத்துக்குள் விட்டு எடுத்தார். அதைப் பார்த்துத்தான் வீடியோ ஓடுகிறது என்று தெரிந்தது. மகள், "போலீஸ் பரேட்ல நிக்கிற மாதிரி ஏம்ப்பா அம்மா இப்படி விறைச்சு நிக்கிறாங்க?" என்றாள். தெரியவில்லையே என்று சொல்லிவிட்டேன். மாடி வீட்டு அம்மாதான், "பயமா இருக்கும்மா, பாவம். வயசான காலத்துல தனியா போய் நிக்கிறதுன்னா சும்மாவா?" என்றார். உனக்கு வயசான காலமாம்! நான் டீ கொண்டுவர எழுந்து போய்விட்டேன்.

மேனேஜர் சொன்னதாக நீ சொன்னாயே, அது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா கூட்டம் உங்ககிட்ட ஒட்ட மாட்டேங்குது. பாட்டு நடுவுலயே எந்திரிச்சுப் போறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்." அதற்குள் கூட்டம் ஒட்டினால் இன்னும் ஒரு வருடம். ஒட்டாவிட்டால் திரும்புவதற்கு டிக்கெட். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "விடு, கிளம்பி வந்துடு" என்றேன். அதற்கு நீ குளியலறைக் குழாயைப் பற்றிக் கேட்டாய்.

எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. முடிந்த வரை பாடு. முடியாவிட்டால் வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன். உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கிப் போட்டிருக்கிறேன். கடைக்காரர் பச்சை என்றார், எனக்கு நீலம் மாதிரி தெரிகிறது. நீ வந்து பார்த்துச் சொல்.

வியாழக்கிழமை காலை

நேற்று இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். பசையைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதிலும் அதில் இல்லை. எழுந்து நின்று கேள்வி கேட்ட பிள்ளையைப் பதில் சொல்லாமல் உட்கார வைத்த பழக்கம் எனக்கு இல்லை. அதனால் நிதானமாகப் படி.

நீ ஏன் அப்படி நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மழை நாளில் உனக்குக் குடை கொண்டுவந்து கொடுக்க ரெக்கார்டிங் நடக்கும் இடத்துக்கு வந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் நீங்கள் எட்டுப் பேர். யார் கையிலும் வளையல் இல்லை, காலில் செருப்பு இல்லை. பாட்டு முடிந்த பிறகும் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றீர்கள். கடைசி ஓசை அடங்கி, ஒலிப்பதிவு செய்பவர் கையைத் தூக்கிக் காட்டும் வரை ஒரு புடவை மடிப்புக்கூடச் சரசரக்கக் கூடாது. அன்று உங்களில் ஒருத்தி அவசரப்பட்டுத் தும்மிவிட்டாள். "அய்யோ அக்கா, மொதல்லேர்ந்தா?" என்று நீ தலையில் அடித்துக்கொண்டது கண்ணாடி வழியாகவே எனக்குப் புரிந்தது.

வாழ்நாளெல்லாம் அப்படி நின்ற உடம்பு இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. அது பயம் இல்லை. மாடி வீட்டு அம்மா சொன்னதை நம்பாதே. நீ வேலையை ஒழுங்காகச் செய்கிறாய். செய்கிற இடம்தான் மாறிவிட்டது. அங்கே கையைத் தூக்கிக் காட்ட யாரும் இல்லை. நீதான் காட்ட வேண்டும்.

எதிரே இருப்பவர்கள் பக்கத்திலிருந்து பார். பாட்டு முடிந்ததா, இன்னும் ஒரு வரி இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கைதட்டுவதில் முதல் ஆளுக்குத்தான் தைரியம் வேண்டும். தப்பாகத் தட்டிவிட்டால் மானம் போய்விடும் என்று அவர் பேசாமல் இருக்கிறார். அவர் தட்டாததால் மற்றவர்களும் தட்டவில்லை. பேசாமல் கரண்டியை எடுக்கிறார்கள். அதைப் பார்த்து, அவர்களுக்குப் பாட்டு பிடிக்கவில்லை போல என்று உனக்குத் தோன்றுகிறது. உடனே நீ கீபோர்டு தம்பியின் பக்கம் திரும்பி அடுத்த பாட்டைப் பற்றிப் பேசுகிறாய். கூட்டம் உன் முதுகைப் பார்க்கிறது.

எங்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரிக்கு ஒருவர் இருந்தாரே, பிள்ளைகள் 'முதுகு சார்' என்று பெயர் வைத்தவர். அவரைப் போலப் பாடம் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. ஆனால் பாடம் முழுவதையும் கரும்பலகையைப் பார்த்தே சொல்வார். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "சூப்பரா எடுப்பார் சார். யாருக்கு எடுக்கிறார்னுதான் தெரியல." அதைவிட நன்றாக எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கடைசிச் சொல் முடிந்ததும் மூச்சை விடு. கையைக் கீழே போடு. முன்பக்கமே பார்த்து ஒரு சிரிப்புச் சிரி. நீ விட்டால்தான் அவர்களும் மூச்சு விடுவார்கள். வளையலையும் போட்டுக்கொள். குலுங்கினால் குலுங்கட்டும், யாரும் மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்லப் போவதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கேட்க இஷ்டமில்லாத பிள்ளையைக் கேட்க வைக்க எனக்கும் தெரியாது. அவனுக்குச் சொல்ல ஒரு சின்ன இடம் கொடுப்பேன், அவ்வளவுதான். வாய்ப்பாடு சொல்லும்போது "ஏழேழு" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவன்கூடத் தன்னை அறியாமல் "நாப்பத்தொம்பது" என்பான். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று அவனே திரும்பிப் பார்ப்பான். அதன் பிறகு அவன் என் வகுப்பில் இருப்பான். நீயும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடு. வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிட்டு, கையை அவர்கள் பக்கம் நீட்டு. முதல் தடவை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என் வகுப்பிலும் திறந்ததில்லை. முகம் வாடாமல் நீயே பாடிவிட்டுச் சிரி. அடுத்த தடவை பின்னால் ஒரு குரல் வரும். அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்துத் தலையை ஆட்டு. பிறகு நீயே நிறுத்தினாலும் அவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

இதில் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? முன்னால் நிற்பவர் எப்படித் திரும்பிப் பார்த்தால் பின்னால் இருப்பவர்களுக்குச் சேர்ந்து பாடத் தோன்றும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீ இத்தனை வருடம் நின்ற இடத்தில் அவர்களை நிறுத்து. உங்களிடம் முகம் கொடுக்காமல் பாடிவிட்டுப் போனவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து எப்படியெல்லாம் பொருமுவாய்! "குட்மார்னிங்னு ஒரு வார்த்தை சொன்னா கிரீடம் எறங்கிடுமா?" என்பாய். அதனால் பாட்டுக்கு முன் இரண்டு வார்த்தை பேசு. பாட்டை யார் எழுதினார்கள், என்ன ராகம் என்றெல்லாம் வேண்டாம். இந்தப் பாட்டைப் பாடினால்தான் என் மகள் சாப்பிடுவாள் என்று சொல். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அதை எழுத மனம் வராமல்தான் நேற்று பேனாவை மூடினேன்.

கண்ணை ஏன் மூடிக்கொண்டு பாடுறீங்க என்று மகள் உன்னிடம் கேட்டாளாம். "மூடினா நம்ம ஹால் தெரியுதுடி. உங்கப்பா கால நீட்டிக்கிட்டு பேப்பர் படிக்கிறாரு. அப்ப பயம் போயிடுது" என்றாயாம். அவள் என்னிடம் வந்து சொன்னபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் துடைத்தேன், ஆனாலும் அன்று முழுவதும் மங்கலாகவே இருந்தது.

ஆனால் நான் அங்கே இல்லையே. நீ எனக்குப் பாடுகிற நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் பாடவில்லை. அவர் யார் என்று நினைக்கிறாய்? வேலை விஷயமாக வந்து, தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் தன் பையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர். வீட்டில் யாரோ அவருக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டு முழிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு பாட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைக் கேட்டால் நான் சொல்வேன்.

எட்டுப் பேரில் ஒருத்தியாக நின்ற நாளெல்லாம் உனக்கு ஒரு மேடை வேண்டும் என்று நீ வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பாத்திரம் கழுவும்போது முன்னால் பாடுகிறவரின் வரிகளைத்தான் பாடுவாய், கோரஸை அல்ல. எனக்கு அது போதாதா தெரிந்துகொள்ள? மாசக் கடைசியில் மேனேஜர் ஒப்பந்தத் தாளை நீட்டினால், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதே. வீட்டில் கேட்டாயிற்று. திரை பச்சையோ நீலமோ, இன்னும் ஒரு வருடம் அப்படியே தொங்கட்டும்.

உன் குரல் என்றும் தெளிவாக இருக்கட்டும். நீ நிற்கும் இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும்.

இதைப் படித்துவிட்டு மேடை ஏறியதும் ஒன்று செய். கண்ணைத் திறந்து, உனக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, முதல் வரியை அவருக்கு மட்டும் பாடு.

இப்படிக்கு,
உன் வாத்தியார்