செல்வியைக் கேட்காமல் மாற்றிய கம்ப்யூட்டர்

ஜூன் 16, ஞாயிறு
விடாத மழை. மூணாறு பஜாரே காலி. நம்ம டைப்பிங் கடை லீவுதான், ஆனாலும் ரெஜி வந்தான், கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். நம்மது திருட்டு விண்டோஸ். ஒரு மாசமா திரை கறுத்துக் கறுத்துப் போகுது. "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுரலாம் சேச்சி. எல்லாம் ஃப்ரீ. வைரஸும் வராது." ஃப்ரீன்னா நான் வேண்டாம்பேனா? ரெண்டு மிஷினுக்கும் போட்டாச்சு. கடை திறந்த நாள்லேருந்து டைப் அடிக்கிற செல்வி நாளைக்குப் பாத்து அசந்துருவா.

வாங்கணும்: டோனர், A4 பேப்பர், எனக்குத் தைலம்.

ஜூன் 17, திங்கள்
காலையிலேயே இழவு. பிரிண்டர் அசையலை. கேபிளைப் பிடுங்கி மாட்டி, பிடுங்கி மாட்டி... கடைசியில ரெஜி போன்லயே சொல்லிச் சரியாச்சு. பழைய கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை ஃபைல் எதைத் திறந்தாலும் எழுத்தெல்லாம் கொத்துப் பரோட்டா.

கீபோர்டுலயும் தமிழ் எழுத்து இடம் மாறிப்போச்சு. செல்வி தட்டச்சு கிளாஸ்ல பழகுனவ, கீபோர்டைப் பாக்காமலே அடிப்பா. இன்னைக்கு "ம எங்கக்கா இருக்கு?"ன்னு கேக்கா.

"எனக்கென்ன தெரியும், தேடு."

"சொல்லிட்டாச்சும் மாத்தியிருக்கலாம்ல."

காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். மத்தியானம் புளிக்குழம்பு, உப்பு கூடிப்போச்சு.

ஜூன் 18, செவ்வாய்
எஸ்டேட் தொழிலாளர் லயத்துல ஒரு சாவு. தேனி ஆஸ்பத்திரியிலேருந்து பாடி வருது. அதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை ஃபேக்டரி கேட்டுல ஒட்டியாகணும். அதைப் பாத்துத்தான் மத்த டிவிஷன் ஆளுகளுக்குத் தெரியும். எறந்தவரோட மகன் கடை வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கான். செல்வி ஒவ்வொரு எழுத்தாத் தேடுதா. அப்பா பேருல தப்பு. திரும்ப அடிச்சா, திரும்பத் தப்பு. "பாடி வர்ற வண்டி போடிமெட்டு மலை ஏறிருச்சாம்"னு கூட வந்தவர் சொன்னாரு.

எனக்குத் தலைக்கேறிருச்சு. "இத்தனை வருசமா என்னத்தடி அடிச்சுக் கிழிச்ச?" எல்லார் முன்னாலயும். சே.

அவங்க பஜார்ல நமக்குப் போட்டியா இருக்கிற கீழ்க்கடைக்கு நோட்டீஸ் அடிக்கப் போயிட்டாங்க. செல்வி சோத்து டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஜூன் 19, புதன்
மழை விட்டிருக்கு. செல்வி வரலை. போன் ஆஃப். காய்ச்சலா இருக்கும். 'வீடு வாடகைக்கு'ன்னு ஒரே ஒரு போர்டு நானே அடிச்சேன், மத்தியானம் ஆயிருச்சு. இடுப்பு போச்சு. வர்றவங்க எல்லாம் "செல்வியக்கா இல்லையா?"ன்னு கேட்டுட்டு, அப்படியே திரும்பிப் போறாங்க.

ஜூன் 20, வியாழன்
டீ கொண்டாந்த அண்ணாச்சி: "உங்க செல்வி கீழ்க்கடையில டைப் அடிக்கா, தெரியாதா?"

தெரியாது.

ரெஜியைக் கூப்பிட்டேன். பழைய விண்டோஸே போட்டுத் தாடான்னேன். "எதுக்கு சேச்சி? பழைய கீபோர்டு இதிலயே உண்டல்லோ." டீ ஆறுறதுக்குள்ள மாத்திட்டான். பழைய ஃபாண்டையும் ஏத்தினான், கோயில் நோட்டீஸ் பளிச்சுன்னு திறந்துச்சு. "முதல்லயே பறஞ்சிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே."

நான் எப்படிச் சொல்ல? எனக்கு டைப்பிங்ல என்ன தெரியும்? தெரிஞ்சவளை ஒரு வார்த்தை கேக்கலையே, பாவி நான்.

சாயங்காலம் போன் போட்டேன். எடுத்துட்டா. "ஏட்டி செல்வி, எல்லாம் பழையபடி ஆயிருச்சு. நான் கத்துனது தப்புதான். நாளைக்கு வா."

"இங்க கடையில ஆளு நிக்குதுக்கா. வச்சிருதேன்."