வட்டம் விழாத தட்டு

சென்னை
12.8.2004

அன்புள்ள அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நலம்.

ஆய்வகத்தில் எங்கள் குடல் கிருமிகளையே சோதித்துப் பார்த்தோம். என்னுடையவை விஷம் சுரக்கவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் கிருமி வளர்த்த தட்டில் ஆன்டிபயாடிக் வில்லைகளை வைத்தால், அவற்றைச் சுற்றிக் கிருமிகள் செத்து, வெற்று வட்டம் விழ வேண்டும். என் தட்டில் ஒரு வட்டம்கூட விழவில்லை; எந்த மருந்துக்கும் அவை சாகவில்லை.

"சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் குடுத்து வளர்த்தது யாரும்மா?" என்று சார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க ஊர்ல ஒரு மருந்துக் கடைக்காரருங்க சார்" என்றேன். எங்க அத்தா என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கடைதானே என்னைப் படிக்க வைத்தது? உங்களை மறைத்ததை நினைத்தாலே கூசுகிறது.

இனி டாக்டர் சீட்டில்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் வேண்டும். தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். ஆய்வகத்துக்கே வந்துவிடுங்கள், சார் இருக்கும் நேரமாக.

உங்கள் மகள்
ஷைமா