ஸ்பீக்கரில் கேட்ட என் குரல்

சனி. நாளை மாதா கோயில் திருநாள்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது.

இன்று கோயில் வளவில் சில்வெஸ்டர் மாஸ்டர் ட்ரம்பெட்டில் ஜாஸ் வாசித்தார். இந்த வயதிலும் மூச்சுக் குறையவில்லை என்று சனம் வாய்பிளந்து நின்றது. வழமைபோல அவருடைய பழைய ரசிகனான எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை.

இரண்டு பாட்டு முடிந்தும் அவர் ட்ரம்பெட்டைச் சாய்த்துத் தண்ணீர் வடிக்கவில்லை. ஊதினால் எச்சில் தேங்காமல் இருக்குமா? மூன்றாம் பாட்டின் நடுவே ஸ்பீக்கரில் ஒருவன் கத்தினான்: "விடாதேங்கோ மாஸ்டர்!"

அது என் குரல். சுனாமிக்கு முந்திய திருநாளில் மழைக்குள் நின்று நான் கத்தியது; அன்று அவர் வாசித்ததைக் கசெற்றில் பதிந்தார்கள். இன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன்.

"பழைய கசெற்றே மாஸ்டர் போட்டனீங்கள்?"

"பல்லெல்லாம் விழுந்திட்டுது அந்தோனி, ஊத ஏலாது. நாளைக்கும் வா. நீ முன்னுக்கு இருந்து தலையாட்டினாத்தான் சனம் நம்பும்."

என் ஆசைக்காகத்தான் அந்தக் கதிரையைப் போடுகிறார் என்றிருந்தேன். போன வருடம் அந்தக் கதிரையில் இருந்து அவர் வாசிப்பைக் கேட்டு அழுதேன். அதுவும் கசெற்றுக்குத்தானா?